ஏரோப்ளேன் பார்க்க வந்தவர்களுக்காகக் காலி செய்த லயம்

1. கௌண்டரில் ஏறி உட்கார்ந்தவர்

பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒருவர் என் கௌண்டரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூட மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள். கையில் பாய்ச்சுருள். அறை கொடுக்காமல் இறங்க மாட்டேன் என்றார்.

"அண்ணே, எறங்குங்க. கீழ கண்ணாடி. ஒடஞ்சிரும்."

"ஒடையட்டும் லா. பெரிய ஹோட்டல்ல கேட்டேன், ஒரு ராத்திரிக்கு என் அரை மாசச் சம்பளத்தக் கேக்குறான். நான் ஏரோப்ளேன் பாக்க வந்தேனா, ஏரோப்ளேன் வாங்க வந்தேனா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து முப்பது பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஈப்போவில் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு மலிவு விடுதியில் நான் வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம். போலீஸ் ரெஜிஸ்டர் எழுதுவது, விரிப்பு மாற்றுவது, கழிப்பறை அடைத்தால் குச்சி விடுவது, எல்லாம் நான்தான். வருடம் முழுக்கப் பாதி அறை காலியாகக் கிடக்கும். விமானத் திடலில் வருடாந்தரக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் மட்டும் பாய் விரிக்க இடம் இருக்காது. பாகான் டத்தோவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தென்னந்தோப்பில் வேலை செய்கிறவனும் பிள்ளைக்கு ஜெட் விமானம் காட்ட ஆசைப்படுவான். அது தப்பில்லை.

பாரிட் புந்தார்க்காரரை மாடி நடைபாதையில் படுக்க வைத்தேன். அதற்கும் காசு வாங்கச் சொன்னார் முதலாளி ராமையா. பிறகு உள்ளே கூப்பிட்டார்.

"இத்தன பேர வெரட்டி விடுறோமே மணியம். நாம முட்டாளுங்க லா. அடுத்த வருசம் ஒருத்தனையும் வெரட்டக் கூடாது."

2. அம்மி உள்ளே இருக்கட்டும்

அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி என்னைக் காரில் ஏற்றிச் சிம்பாங் பூலாய்ப் பக்கம் கொண்டுபோனார். வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போன ரப்பர் தோட்டம் அங்கே இருந்தது. அதைத் துண்டு துண்டாக ஆளாளுக்கு வாங்கியிருந்தார்கள். ஒரு துண்டில் தொழிலாளர் வரிசை வீடு, ஒரே ஒரு லயம், மிச்சம். பன்னிரண்டு கதவு. ஆறு வீடு காலி, ஆறு வீட்டில் ஆள். விமானத் திடலுக்குப் பேருந்தில் சிறிது நேரம்தான்.

அந்தத் துண்டை வாங்கியவர் முதலாளியின் கூட்டாளி. பன்னிரண்டு வீட்டையும் எட்டு நாளைக்குச் சல்லிசாக விடச் சம்மதித்திருந்தார். உள்ளே இருக்கும் ஆறு குடும்பத்தை எட்டு நாளைக்கு வெளியேற்ற வேண்டும். அதற்குத்தான் நான்.

"நீ தோட்டத்துப் பிள்ள. நீ பேசுனா கேப்பாங்க" என்றார் முதலாளி.

நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ஆறு குடும்பத்துக்கும் மூத்தவர் போல இருந்தவர் பாக்கியம் அக்கா. கல்யாணத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் என் அம்மாவுக்குப் பக்கத்து நிரை ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். புருசன் முனியாண்டிக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது. இரண்டு வருடமாகப் படுக்கை. அக்காவின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார்.

"யூனியன் ஆளு வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு தம்பி. தோட்டத்த வாங்குனவன் மாத்து வீடு குடுக்குற வரைக்கும் வாசப்படியத் தாண்டாதீங்கன்னாரு. உள்ள இருந்தா நம்மள ஒன்னும் செய்ய முடியாதாம். வெளிய வந்துட்டா போச்சாம்."

"எட்டே நாளுக்கா. தீவாளிக்கு வெள்ளையடிக்கறப்ப வெளிய போறதில்லையா? அதே மாதிரிதான். வெள்ளையடிச்சும் தர்றோம்."

இதைக் கேட்டதும் அவர் முகம் இளகியது. தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. வருடத்துக்கு ஒருமுறை லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். குடும்பம் முழுக்கச் சட்டி பானையோடு வெளியே வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இரண்டு மூன்று நாள் தங்கும். எல்லாவற்றையும் எடுப்பார்கள். அம்மியை மட்டும் எடுக்க மாட்டார்கள். அம்மி உள்ளே இருந்தால் வீடு அவர்களுடையது. அந்த வீட்டில் வேறு குடும்பத்தைக் கொண்டுவந்து வைக்க, வேலை மேற்பார்க்கும் எந்த மண்டோருக்கும் தைரியம் வராது. தோட்டத்தை விட்டே போகிறவர்கள்தான் அம்மியை லாரியில் ஏற்றுவார்கள். எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் தோட்டத்தில் அதை மீறியவன் யாரையும் நான் பார்த்ததில்லை.

"அம்மிய எடுக்க மாட்டேன்" என்றார் அக்கா.

"எடுக்க வேணாங்க்கா. உள்ளயே இருக்கட்டும்."

"மாமாவ எப்படிக் கொண்டு போறது?"

"நான் தூக்கிட்டு வாரேன்."

அக்கா சரி என்றதும் மற்ற ஐந்து வீடும் சரி என்றது. அரை மணி நேரத்தில் முடிந்தது. யூனியன்காரர் ஒரு வருடமாகச் சொல்லி வைத்ததை அரை மணி நேரத்தில் நான் கலைத்தேன். கெட்டிக்காரன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காலி செய்த அன்று முதலாளி ஆறு தாள் கொண்டுவந்தார். மலாயில் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு நாள் கைச்செலவுக்குக் கொஞ்சம் வெள்ளி நோட்டு. அதற்கு ரசீது என்றார். ஆறு பேரும் கைநாட்டு வைத்தார்கள்.

"சாட்சின்னு கீழ நீ போடு. சீக்கிரம் லா, லாரிக்காரன் கத்துறான்."

மெத்தை ஏற்றிய லாரி வெளியே நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் மலாயில் நல்ல மார்க் வாங்கியவன். ஆறு தாளிலும் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

3. எட்டு நாள்

ஆட்கள் வந்து குவிந்தார்கள். பாரிட் புந்தார்க்காரரும் வந்தார். ஒரு முழு வீடே கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட குஷி.

"இது ரூம்பு லா! போன வருசமே இங்க போட்டிருந்தா நான் கௌண்டர்ல ஏறியிருப்பேனா?"

முதலாளி பாக்கியம் அக்காவையே வாசல் கூட்ட வேலைக்கு வைத்தார். தன் வீட்டு வாசலைக் கூலிக்குக் கூட்டினார் அவர். பாரிட் புந்தார்க்காரரின் மனைவி கேட்டார்:

"இங்க ரொம்ப நாளா வேல செய்றீங்களாக்கா?"

"இது என் வீடும்மா."

அந்த அம்மாள் நம்பவில்லை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற வீட்டுக்காரி துடைப்பம் பிடிப்பாளா என்று நினைத்திருப்பார். "பேச்சுல கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது லயத்துத் தகரக் கூரை கடகடவென்று ஆடும். பிள்ளைகள் கைதட்டும். ஆயாக்கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது நாள் மழை சாய்ந்து அடித்தது. நான் போய்ப் பார்த்தபோது முனியாண்டி மாமாவின் விரிப்பு நனைந்திருந்தது. வாய் கோணிப் பேசுவார், ஆனால் புரியும்.

"பொறந்தப்ப இதே கொட்டகையிலதான் என்னத் தொட்டில்ல போட்டாங்க. இப்ப மறுபடியும் போட்டுட்டீங்களே டா."

"இன்னும் நாலு நாள் மாமா."

"ஆயா எங்க? கூப்புடு. பால் கேக்கணும்."

அவரே சிரித்தார். சிரித்து இருமல் வந்தது. அக்கா நெஞ்சைத் தடவினார். நான் விடுதியிலிருந்து காய்ந்த விரிப்பு இரண்டு கொண்டுவந்து போட்டேன். அன்றைக்கு என்னால் முடிந்த நல்ல காரியம் அதுதான்.

4. பூட்டு

ஒன்பதாம் நாள் காலை மெத்தைகளை லாரியில் விடுதிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மதியம் ஆறு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். பன்னிரண்டு கதவிலும் புதுப் பூட்டு. முன்னால் ஒரு காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் தமிழர்தான்.

"வீட்ட ஒப்படைச்சிட்டீங்களாமே. நாளன்னிக்குத் தகரம் பிரிக்க ஆளு வருது."

"எங்க அம்மி உள்ள இருக்குங்க" என்றார் பாக்கியம் அக்கா. அந்த ஒரு வாக்கியம் போதும் என்று அவர் நம்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

காவல்காரர் எழுந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஆறு அம்மியையும் உருட்டி வெளியே கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்தார். மறுபடி பூட்டினார்.

"எடுத்துக்குங்கக்கா. நான் யாரு பொருளையும் தொட மாட்டேன்."

அவர் அயோக்கியர் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

நான் விடுதிக்கு ஓடினேன். முதலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மணியம் கத்துற? எடம் கூட்டாளியோடது. எடுத்தேன், திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஆளுங்களுக்குத் திருப்பித் தர்றதா சொன்னோம் மொதலாளி."

"நான் சொன்னேனா? நீ சொன்ன. பன்னண்டு வீட்டையும் காலியா குடுக்கணும்னுதான் அவன் பேசுனான். இல்லாட்டி எதுக்கு அவ்வளவு சல்லிசா விடுவான்?"

"அப்ப மொதல்லயே தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? காயிதத்துல ஓன் பேருதான் இருக்கு. என் பேரு இருக்கா பாரு."

பாக்கெட்டிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். அவர் பேர் எங்கும் இல்லை. அப்போதுதான் படித்தேன். சொந்த விருப்பத்தில் வீட்டை ஒப்படைக்கிறோம், மாற்று வீடு கேட்க மாட்டோம். நான்கே வரி. பள்ளிப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

5. விசாரணை

யூனியன்காரர் தொழிலாளர் இலாகாவில் மனு போட்டார். என்னிடம் அவர் பேசவே இல்லை. சாட்சி சொல்ல வருவாயா என்று அக்காதான் கேட்டார். போனால் திரும்பி வராதே என்றார் முதலாளி. போனேன். அதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கௌண்டரில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரி மரியாதையானவர். முழுவதும் கேட்டார். பிறகு தாளைக் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"மலாய் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"இவர்களுக்குப் படித்துச் சொன்னீர்களா?"

"இல்லை."

"நீங்களாவது படித்தீர்களா?"

"இல்லை."

அவர் பேனாவை மூடினார். அக்கா எழுந்து, அம்மி உள்ளேதான் இருந்தது, அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறி, மிளகாய் அரைக்கும் கல் என்று சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. மனு தள்ளுபடியானது.

வெளியே படியில் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஊருக்கெல்லாம் ரூம்பு பாத்துக் குடுக்குறவன் நீ. எங்களுக்கு ஒன்னு பாத்துக் குடு."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். மற்ற ஐந்து குடும்பமும் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டன. இவருக்கு யாரும் இல்லை.

அவர்கள் இருவரும் ஆயாக்கொட்டகையிலேயே கிடக்க, மூன்று வாரம் ஈப்போ முழுக்க நடந்தேன். எனக்குத் தெரியாத விடுதியா, கடைவீட்டு மாடியா? வாடகை சொல்வார்கள். சரி என்பேன். யார் யார் தங்குவது என்பார்கள். படுக்கையில் கிடக்கும் ஆள் என்றதும் அறை போன வாரமே போய்விட்டது என்பார்கள். நானும் கௌண்டரில் அதே பொய்யைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் குரல் மாறும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை பாய் சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறையைக் காட்டினார்.

"அக்கா தங்கட்டும், மங்கு தட்டு கழுவட்டும். சம்பளமும் தர்றேன். அவர வைக்க முடியாது தம்பி. சாப்பாட்டுக் கட. சுகாதார இலாகா ஆளு வந்தா மூடிருவான்."

அவர் ஒருவர்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார். முனியாண்டி மாமாவை ஆதரவற்ற முதியோருக்கான ஓர் இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும் தாளை அக்காவுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். "அதான் அன்னிக்கே கைநாட்டு வச்சாச்சே, இப்ப எதுக்குப் படிக்கிற" என்றார். ஐந்து மாதத்தில் மாமா செத்தார். சேதி எங்களுக்கு மறுநாள்தான் வந்தது. அதற்குள் புதைத்திருந்தார்கள்.

விடுதி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்கு மேலும் சொல்வேன். உன் முகத்தையும் உன் பேச்சையும் பார்த்து ஓர் ஆள் கதவைத் திறந்தால், பிறகு நடக்கிற எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு. முதலாளி சொன்னார் என்பது பதில் ஆகாது. மலிவாக ஓர் இடம் கைக்கு வந்தால் விலையை அப்புறம் கேள். நேற்று அங்கே யார் படுத்திருந்தார்கள், இன்றைக்கு அவர்கள் எங்கே என்று முதலில் கேள். நான் கேட்கவில்லை. அக்கா அந்த மூட்டை அறையில் பதினாறு வருடம் படுத்தார்.