ஈயச் சட்டைக்காரி

எகிப்தின் நைல் டெல்டாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. தொடையிடுக்கில் சின்னதாகத் துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே வைத்தியம் செய்யும் பிரிவு ஒன்று அங்கே உண்டு. அதில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரே பெண் இப்திசாம். கதிர்வீச்சுக்காக மாட்டிக்கொள்ளும் ஈயச் சட்டையின் கனத்தைக்கூட அவள் தாங்கிவிட்டாள். அதைப் பற்றி வந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

"அந்தக் கதிர் பட்டா வயித்துல ஒண்ணும் தங்காதாம்டி. எவன் வந்து உன்னைக் கட்டிப்பான்?" என்று மொலொகியா கீரை நறுக்கும்போதெல்லாம் அவள் அம்மா ஒரு பாட்டம் புலம்புவாள். மகப்பேறு பிரிவுத் தலைவர் வஜீஹ் இன்னும் ஒரு படி மேலே போவார். "நீங்கல்லாம் படம் புடிக்கிறவங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து எடுத்துக் குடுங்க!" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இப்திசாமும் சிரித்து வைப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

அன்று நக்லா என்ற சின்னப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நலம். தாய்க்கு மட்டும் உதிரப்போக்கு நிற்கவில்லை. எந்த மருந்துக்கும் மசியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்றார் வஜீஹ். ஆனால் கத்தி வைக்க மருத்துவமனையில் இருந்த ரத்தம் போதாது. வழக்கம்போல நக்லாவின் ஊர்க்காரர்கள் மைக்ரோபஸ் வேன் பிடித்து ரத்தம் கொடுக்க வந்திறங்கினார்கள்.

இப்திசாம் வஜீஹ் முன்னால் போய் நின்றாள். "சார், எங்ககிட்ட குடுங்க. கர்ப்பப்பைக்குப் போற குழாயை அடைச்சுப் பாக்குறேன்."

"ரத்தப் பை என் கைக்கு வர்ற வரைக்கும் அவ உன்னோட நோயாளி. வந்துட்டா என்னோடது."

குழாயை அடைக்கப் பயன்படும் துகள் அன்று தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துப் பஞ்சுத் தகட்டைக் கத்தரிக்கோலால் நறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் பொடிசா நறுக்குங்க டாக்டரம்மா, மொலொகியா நல்லா வரும்" என்றான் டெக்னீசியன் ஃபத்ஹி.

"ரொம்பப் பொடிசானா கர்ப்பப்பையே செத்துடும்டா. வாயை மூடிக்கிட்டு ஊசியை எடு."

இடப்பக்கக் குழாய் சொன்னபடி கேட்டது. வலப்பக்கத்தில்தான் வினை. அவசரத்தில் கம்பியை ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டாள். திரையில் குழாய் நூலாக மெலிந்து காணாமலே போனது. அந்த நேரம் பார்த்து ரத்தம் தயார் என்று தொலைபேசி வந்தது. அவளுடைய மூத்த டாக்டர் ஹாதெம் கையை நீட்டினார்.

"நகரு, நான் பாக்குறேன்."

"தொடாதீங்க சார்! மெரண்டு போய் சுருங்கியிருக்கு. யாரு குத்தினாலும் இன்னும் சுருங்கும். விரியறதுக்கு மருந்து விட்டிருக்கேன், கொஞ்சம் விடுங்க."

வஜீஹ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஒரு பொண்ணு ரத்தம் சிந்திக்கிட்டிருக்கா, நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியா?"

"வந்த ரத்தத்தை முதல்ல ஏத்துங்க சார். அப்புறம் திட்டுங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க மாட்டார்கள் என்பது சமையலுக்கு மட்டுமா? ரத்தம் ஏற ஆரம்பித்தது. மேசையில் விழித்துக் கிடந்த நக்லா இப்திசாமின் சட்டை ஓரத்தைப் பிடித்தாள்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களா, டாக்டரம்மா?"

"இன்னும் இல்லம்மா."

திரைப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திரையில் காட்டும் சாயத்தை மெல்ல விட்டுப் பார்த்தாள். நூல் மறுபடி தெரிந்தது. அடுத்த தடவை தடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை மெதுவாக உள்ளே செலுத்தினாள். நறுக்கிய பஞ்சு உள்ளே போனது. குழாய் அடைபட்டது.

வஜீஹ் திரைக்கு மூக்கை வைக்காத குறையாக நின்றார். "அந்தக் கசிவு எங்க?"

"அதான் சார், இல்லை."

அவர் நம்பவில்லை. துணியை விலக்கித் தானே சோதித்தார். வைத்த பஞ்சு காய்ந்தே இருந்தது. வெகுநேரம் காத்திருந்து மறுபடி பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். வீட்டாருக்குச் சேதி சொல்வது எப்போதும் அவர் உரிமை. அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று வாசலை நோக்கித் தலையை அசைத்தார்.

"நீயே போய்ச் சொல்லு, டாக்டர்."

ஈயச் சட்டையோடே வெளியே வந்தாள். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"நக்லா பொழைச்சுக்கிட்டா. கர்ப்பப்பையும் பத்திரமா இருக்கு."

நக்லாவின் மாமியார்க்காரி அங்கேயே வாயருகில் கை வைத்துக் குலவையிட்டாள். பாதியில் அழுகை வந்து குரல் உடைந்துவிட்டது. டாக்டர் செய்கிற காரியமில்லைதான். ஆனால் மீதிக் குலவையை இப்திசாம் எடுத்து முடித்தாள்.