முத்து இருக்கும் இடத்தைச் சொன்னேன்

வீட்டை விட்டு வந்த நானும், நிபோங் திபால் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடிவந்த முத்துவும் பினாங்குத் துறைமுகக் கிடங்கு வாசலில்தான் படுப்போம். எனக்குப் பசி மட்டும். அவனுக்கு அபின் பழக்கமும் சேர்ந்திருந்தது.

ஒரு காலையில் அவனைத் தேடிவந்த தோட்டத்துக் கங்காணி சந்தையில் என்னிடம் கெஞ்சினார்.

"எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு தம்பி. அவன் ஆத்தா சோறு திங்காம கெடக்குது."

தாய் முகம் பார்த்தால் அபினை விடுவான் என்று நம்பிச் சொல்லிவிட்டேன்.

தோட்டத்தை விட்டு ஓடிய கூலியைப் பிடித்துக்கொண்டு போகக் கங்காணி போலீசோடு வந்தார். அவர்களைக் கண்டதும், இனிப் பிழைக்க வேண்டாமென்று, முத்து மடியிலிருந்த அபினை விழுங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் கண் விழித்தான்.

"உன்ன நம்பித்தானேடா தூங்குனேன்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் என்னோடு பேசவே இல்லை.

கங்காணி என்னை ஏமாற்றிவிட்டார் என்று இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். முத்துவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.