கீபோர்டை எடுத்துக்கொண்டு போங்கள்

முதலில் மடங்கியது வலது கை சுண்டுவிரல். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம், காலை பதினொரு மணி. மிகச் சுலபமான ஒரு புல்லாங்குழல் துணுக்கை கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். விரல் கட்டையைத் தொடாமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. மறுபடி வாசித்தேன், மறுபடி சுருண்டது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. செஞ்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சென்னையில் பாடல் பதிவுகளுக்கு வாசிப்பேன். மதி அண்ணனின் மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகவும், மலேசியா, துபாய் என்றும் போவேன். ஷெனாய்க்காரர் வரவில்லையா, வயலின்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாரா, கவலை இல்லை, கோமதி இருக்கிறாள், எல்லாவற்றையும் கீபோர்டிலேயே கொண்டுவந்துவிடுவாள். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. அதற்காக வெட்கப்படவும் மாட்டேன்.

வாசிப்பில் எது தப்பினாலும் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து சாதகம் (இடைவிடாத பயிற்சி). நானும் கதவைச் சாத்திக்கொண்டு தினம் ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன். சில வாரங்களில் மோதிரவிரலும் சேர்ந்து மடங்கியது. இரண்டு விரலுக்கும் ஐஸ் குச்சியை வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தேன். என் கணவர் ஏழுமலை பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா கோமதி, கையில அடிகிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல. பிராக்டீஸ் பத்தல."

"நாள் பூரா வாசிக்கிற. அது பத்தலியா?"

மருத்துவரிடம் அழைத்துப் போனதும் அவர்தான். முதலாமவர் கையை நீட்டச் சொன்னார், பொத்தச் சொன்னார், பேனாவைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. "கை நல்லாதான் இருக்குது. டென்ஷன். வீட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டு, என்னை விட்டு ஏழுமலை பக்கம் திரும்பி, "கச்சேரிக்கெல்லாம் அனுப்பாதீங்க" என்றார். என்னை யாரோ அனுப்பி வைக்கிறார்களாம். தூக்க மாத்திரையோடு வீடு திரும்பினேன்.

இரண்டாமவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி மூன்று மாதம் கழுத்துப் பட்டை போடவைத்தார். மூன்றாமவர் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அறுவை சிகிச்சைக்கு நாளே குறித்துவிட்டார். ஏழுமலை குறுக்கே நின்றதால் கை தப்பியது. இந்தக் கை சப்பாத்தி தேய்க்கும், கோலம் போடும், வேர்க்கடலை உரிக்கும். கீபோர்ட் முன்னால் மட்டும்தான் மடங்கும். மூன்று பேரில் ஒருவர்கூட வாசித்துக் காட்டு என்று சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். கஷ்டமான பகுதிகளை வீட்டில் இடது கையால் மெதுவாக வாசித்துப் பதிவுசெய்து, வேகத்தைக் கூட்டி, பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். மேடையில் பொத்தானை அழுத்திவிட்டு விரல்களைச் சும்மா ஓட்டினேன். அப்படிச் செய்கிறவர்களை நான் வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன். ஒரு வருடம் இப்படிப் போனது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. முன்பு நிஜமாக வாசித்தபோது தட்டியதைவிட அதிகமாகவே கை தட்டினார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்த வேஷம் கலைந்தது. பாட்டு தொடங்கும் நேரத்தில் பாடகி என் பக்கம் குனிந்து, "அக்கா, தொண்டை கட்டிக்கிச்சு. அரைக்கட்டை இறக்கிக்குங்க" என்றாள். சுருதியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறாள். கீபோர்டில் அது ஒரே பொத்தான். எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பொத்தான் பதிவை இறக்காது; பென் டிரைவில் இருந்த வயலின் மட்டும் பழைய சுருதியிலேயே வந்தது, கேட்கவே கூசியது. அதை அணைத்துவிட்டு வலது கையை வைத்தேன். இரண்டு விரல்களும் சுருண்டுகொண்டன. மதி அண்ணன் திரும்பிப் பார்த்தார். முடிந்தபின் மண்டபத்துக்கு வெளியே வந்து கேட்டார்.

"எத்தினி நாளா இது?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்ணா."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வேற ஆளைக் கூப்டுவீங்க."

"ஆமா, கூப்டுவேன்" என்றார். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரு வயலின்காரருக்கும் இப்படித்தான் விரல் மடங்கியது என்று சொல்லி, அவரைப் பார்த்த புதுச்சேரி நரம்பியல் மருத்துவரின் எண்ணைத் தந்தார். போனில் அந்த டாக்டரம்மா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "வரும்போது கீபோர்டை எடுத்துட்டு வாங்க."

செஞ்சியிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் கிடத்திக்கொண்டு போனேன். மருத்துவமனை நடைபாதையில் எல்லோர் கையிலும் ஸ்கேன் உறை, என் கையில் ஐந்து அடி நீளத்தில் ஒரு பை. உள்ளே வாசித்துக் காட்டினேன். நான்கு வரி முடிவதற்குள் அவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். ஃபோகல் டிஸ்டோனியா (பழகிய ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும் மூளை சார்ந்த கோளாறு). ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனி இடம் இருக்கிறதாம். எனக்கு அந்த இடங்களின் எல்லை அழிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டதாம்.

"விரல் மடங்கின பிறகு எவ்வளவு நேரம் பிராக்டீஸ் பண்ணீங்க?"

"தினம் ஆறு மணி நேரம்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுதான்மா இதை முத்த வச்சிருக்கு. முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். ஓரளவு மீட்கலாம்."

உண்மையைச் சொன்ன ஒரே ஆள்மேல் அன்று எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. என்னை எது ஆளாக்கியதோ அதுவே என் கையைக் கெடுத்தது என்றால், நான் யாரைப் போய்த் திட்டுவது?

முன்கையில் போட்டுலினம் ஊசி (இறுகும் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைப்பது) போட்டார்கள். அதோடு ஒரு விதி. தினம் பத்தே நிமிடம், ஒவ்வொரு விரலாக, மிக மெதுவாக. அலாரம் அடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஐந்து மணி நேரக் கச்சேரியை நேரம் போவதே தெரியாமல் வாசித்தவள் நான். இப்போது ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் தெருவில் போகும் தண்ணீர் வண்டி வீட்டைத் தாண்டிவிடுகிறது. மதி அண்ணன் குழுவில் வேறு ஒருவர் வாசிக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் தபேலா, வயலின், கீபோர்ட் வாசிக்கிறவர் இருந்து, விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால், தயவுசெய்து சாதகத்தைக் கூட்டாதீர்கள். மேடையில் மறைக்காதீர்கள். உங்கள் வாத்தியத்தோடு மருத்துவர் முன்னால் போய் உட்காருங்கள். அவர் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டுங்கள்.

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மோதிரவிரல் மடங்காமல் இறங்கிக் கட்டையைத் தொட்டது. ஸ்வரம் சுத்தமாகக் கேட்டது. அடுத்தது சுண்டுவிரலின் முறை. அது நீண்டு இறங்கிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது.

இன்னும் ஒரே ஒரு ஸ்வரம். வாய்விட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டிக்கொண்டே கையை எடுத்துவிட்டேன்.