மிஸ்ஸியை ஏமாற்றிய காய்ச்சல்

தொண்ணூறுகளில், இலங்கையில் இரத்தோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வைரஸ் காய்ச்சலோடு படுத்திருந்தேன். என் உடம்பு அனலாய்க் கொதித்தது. அதே நோயென்று சேர்க்கப்பட்டுப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவருக்கோ சூடே இல்லை. எந்நேரமும் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார்.

“காய்ச்சல் இல்லதானே, நாளைக்கு வீட்டுக்குப் போங்க” என்று அவரிடம் சொன்னார் தாதி. அங்கே தாதியை எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை, தாதி வெப்பமானியைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கிழவர் அதை என் சூடான தேநீரில் முக்கியெடுத்தார். நூற்றெட்டு டிகிரியைப் பார்த்த தாதி டாக்டரை அழைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

டாக்டர் கிழவரின் நெஞ்சைச் சோதித்தார். “நிமோனியா. வயசானவங்களுக்கு உள்ளே கிருமி இருந்தாலும் சிலவேளை சூடு காட்டாது. நல்லவேளை, அனுப்பல.”

“அதான் மிஸ்ஸி, நானே கொஞ்சம் காட்டினேங்க” என்றார் கிழவர்.

பிழைத்துக்கொண்டார். நோயை உணர்ந்து செய்தாரா, வீட்டுக்குப் போக மனமில்லாமல் செய்தாரா, இன்றும் எனக்குத் தெரியாது.