காய்ச்சாத தப்பட்டை

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இருந்தது ஆறு பேர். தப்பட்டை அடிக்கும், வாழவந்தி என்ற மலையூர்க்காரர்கள் நாலு பேர், பூங்கா வாட்ச்மேன், அவர்களைக் கூட்டிக்கொண்டு போன நான். சென்னைப் பூங்கா ஒன்றில் வருஷா வருஷம் பொங்கலையொட்டி நடக்கும் கலை விழா அது. முதல் நாள் நன்றாக அடித்தால்தான் மறுநாளும் மேடை.

தப்பட்டையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துச் சத்தம் எழும்பும். மலையில் அதற்கு யாரையும் கேட்பதில்லை. குழுவில் மூத்தவர் சருகைக் கூட்டித் தீப்பெட்டியை எடுத்தார். பட்டணத்துப் பூங்காவில் தீ மூட்டலாமா என்று எனக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்றவன் நான், போலீஸ் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

"வேண்டாங்க, புடிச்சு உள்ள வெச்சிருவாங்க."

"ஏனுங்க, பனியில தோலு நமுத்துக் கெடக்குது. இத அடிச்சா எங்கூட்டு எருமைகூடத் திரும்பாதுங்க."

நான் தீப்பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் ஈரச் சாக்கைத் தட்டினாற்போல் கேட்டது. பத்தே நிமிஷத்தில் இறக்கிவிட்டு, நாளைக்கு வேண்டாம் என்றார்கள். நாங்கள் இறங்கும்போது அடுத்த குழு அதே இடத்தில் வைக்கோலைக் கொளுத்தியிருந்தது. வாட்ச்மேன் பக்கத்தில் நின்று கை காய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரெண்டு நாள் கூலிக்கு நான் பொறுப்பு என்று சொல்லித்தான், காப்பிப் பழம் பறிக்கிற நாளில் அவர்களை அழைத்துப் போயிருந்தேன். இன்றுவரை அந்தக் கூலியை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் நொம்ப உறுத்துகிறது. அந்த இரண்டாம் நாளுக்கு நான் தரவேண்டியது, ஆளுக்கு ஆயிரம் வீதம், நாலாயிரம் ரூபாய்.