எலுமிச்சை கட்டி ஆண்டீஸ் தாண்டிய கதை

1999 டிசம்பர். சிலி நாட்டின் சான்டியாகோ நகரத்து ஓரத்தில், மோட்டார் ஹோம் வாடகைக்கு விடும் ஒரு கொட்டகை வாசலில், நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். கொட்டகைக்காரர் குனிந்து பார்த்து, "பொர் கே?" என்றார். ஏன் என்று கேட்கிறார் என்பது பாஷை தெரியாமலே புரிந்தது. "இந்தியா" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஐந்தாவது பழத்தை இரண்டு பச்சை மிளகாயோடு கயிற்றில் கோத்து, முன்பக்க பம்பருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் கட்டினேன்.

"ஏம்மா, இன்ஜினியரிங் படிச்சவதானே நீ?" என்றார் என் வீட்டுக்காரர் செந்தில்.

"எலுமிச்சம்பழம் கட்டக்கூடாதுன்னு எந்த செமஸ்டர்லயும் சொல்லித் தரலைங்க" என்றேன். எங்கள் ஒன்பது வயது மகள் நித்யா சிரித்துக்கொண்டே, "கேன் வி கோ நவ்?" என்றாள்.

மோட்டார் ஹோம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வேனின் முதுகில் ஒரு வீட்டை ஏற்றி வைத்தது போன்ற வண்டி அது. இரண்டு அடுப்பு, கைக்கடக்கமான ஃபிரிட்ஜ், ஒரு கக்கூஸ், விரித்தால் கட்டிலாகும் சோபா எல்லாம் உண்டு. நாள் வாடகை நூற்றுப்பத்து டாலர். டீசல் நம் செலவு. கியர் மட்டும் கையால் போட வேண்டும்.

கியரைப் பற்றி எனக்கென்ன கவலை? நான் ஓட்டப் போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டுத்தான் விமானமே ஏறினேன். அந்த வருஷம் ஏப்ரலில், அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனிலிருந்து ஃப்ரீமான்ட் போகும் வழியில், 680 ஃப்ரீவேயின் சுனோல் மேட்டில் ஒரு லாரி திடீரென்று லேன் மாறியது. நான் ஸ்டியரிங்கை ஒடிக்க, கார் நடுச்சுவரில் போய் மோதி அப்பளமாகிவிட்டது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாவியைத் தொடவே பயந்தேன். அமெரிக்காவில் கார் ஓட்டாதவள் வீட்டுக் கைதிதான். பால் வாங்க, மகளைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் இவர் சான் ரமோன் ஆபீஸிலிருந்து எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்திருக்க வேண்டும். கிடைத்த ஒரு வேலையையும் அதனாலேயே வேண்டாம் என்றேன். இனி இந்த ஜென்மத்தில் ஓட்டுவேனா என்பது எனக்கே தெரியாமலிருந்தது.

ரூட்டா சிங்கோ என்னும் ஐந்தாம் எண் சாலையில் தெற்கே போனோம். ஒசோர்னோ ஊர் வரை தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். இடதுபுறம் கூடவே வந்தது ஆண்டீஸ் மலை. வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், அப்புறம் கோதுமை, அப்புறம் பைன் காடு. பெட்ரோல் பங்குகளிலேயே வண்டியை நிறுத்திக் குளித்தோம், சமைத்தோம், தூங்கினோம். எரிமலை தெரிகிற ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஒசோர்னோவிலிருந்து கிழக்கே திரும்பி, மலை ஏறி, கர்தெனால் சமோரே கணவாய் வழியாக அர்ஜென்டினாவுக்குள் போனோம். பரிலோச்சே ஊரில் இரண்டு நாள் சாக்லேட்டாகத் தின்று தீர்த்தோம். வினை திரும்பி வரும்போதுதான் காத்திருந்தது.

சிலியின் சோதனைச் சாவடி கணவாய்க்குக் கீழே, காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நாங்கள் வந்து சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி, தூறல். வெளியிலிருந்து ஒரு பழம், ஒரு விதை உள்ளே வரக்கூடாது என்பதில் சிலிக்காரர்கள் மகா கண்டிப்பு. பழப்பூச்சி வந்துவிட்டால் தோட்டமெல்லாம் போய்விடுமாம். அது தெரிந்துதான் மிச்சமிருந்த தக்காளியைக்கூட அர்ஜென்டினாவிலேயே தின்று முடித்திருந்தோம். "பழம் ஏதும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். சீருடை அணிந்த அம்மாள் ஒரு நாயோடு வண்டியைச் சுற்றி வந்தார். நாய் பம்பருக்கு முன்னால் போய்ச் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டது.

ஐயோ, எலுமிச்சம்பழம்! சுத்தமாக மறந்து போயிருந்தேன்.

நித்யாவுக்குப் பள்ளியில் கற்ற ஸ்பானிஷ் கொஞ்சம் வரும். "அம்மா, ஷி இஸ் ஆஸ்கிங் வை தேர் இஸ் எ லெமன் அண்டர் த கார்."

"சிலியில வாங்கினதுன்னு சொல்லு."

சொன்னாள். எங்கே வாங்கியது என்று எலுமிச்சம்பழத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? அந்த அம்மாள் அபராதம் என்று ஆரம்பித்தார். இவர் பதறிப்போய், "ஒரு நிமிஷம், கழட்டிடறேன்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு பம்பருக்கு அடியில் குனிந்தார். நான் போட்ட முடிச்சு லேசில் அவிழுமா? எட்டி ஒரு இழு இழுத்தார். பழம் கையோடு வந்தது. "அம்மா!" என்று ஒரு அலறல். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதோடு அபராதப் பேச்சு போயிற்று. அந்த அம்மாளே நாற்காலி கொண்டுவந்தார். உட்காரவும் முடியவில்லை இவரால். இரண்டு காவலர்கள் கைத்தாங்கலாகத் தூக்கி, உள்ளே சோபாக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒசோர்னோவிலிருந்து ஆம்புலன்ஸ் வர நேரமாகும், நீங்களே ஓட்டிப் போய்விடலாமே என்றார் அந்த அம்மாள். ஊர் சுமார் நூறு கிலோமீட்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே இவர் பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. "நித்யா, முன்னாடி ஏறி பெல்ட் போடு" என்றேன். என் குரல்தானா அது!

ஈரோட்டில் அப்பாவின் அம்பாசடரில் பழகிய கால் கிளட்சை மறக்கவில்லை. முதல் கியர், இரண்டாவது. ஈரத்தில் வழுக்கும் வளைவுகள், எதிரே மரம் ஏற்றிய லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நித்யா வரைபடத்தை மடியில் விரித்து, "கர்வ் கமிங், அம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் லாரி வந்தால் மூச்சைப் பிடிக்கவே மறந்து போயிருந்தேன். புயேவே ஏரி பக்கத்தில் வந்தபோது நான் நாலாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன்.

எப்படி என்று யோசித்தபோதுதான் உறைத்தது. வண்டிக்குள் ஒரு கத்தலும் இல்லை! படுத்திருந்தவருக்கு ரோடு தெரியவில்லை. என் பக்கத்து இருக்கையில் இருந்தால் இவர் சும்மா வந்ததே கிடையாது. "பிரேக்கு, பிரேக்கு! லாரி வருது பாரு! லெப்ட்ல போ!" என்று கத்தி, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். சுனோல் மேட்டில் லாரி திரும்பியபோதும் என் காதருகே அந்தக் கத்தல்தான். நான் இத்தனை மாதம் பயந்தது ரோட்டுக்கு அல்ல, பக்கத்து சீட்டுக்கு.

ஒசோர்னோ மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதேன். அப்பாடா என்ற அழுகை. எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. டாக்டர் ஊசி போட்டு, ஒரு வாரம் படுத்தே இருக்கச் சொன்னார். நல்ல டாக்டர்! சான்டியாகோ வரை முழுத் தூரமும் நானே ஓட்டினேன். கொட்டகைக்காரரிடம் சாவியைக் கொடுத்தபோது வண்டியில் ஒரு கீறல் இல்லை.

ஜனவரியில், இவர் இடுப்பு நேரானதும், மளிகை வாங்க ஃப்ரீமான்ட் கிளம்பினோம். அதே 680, அதே சுனோல் மேடு. ஆண்டீஸைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது மேடாகவே தெரியவில்லை. சாவி என் கையில். இவர் வழக்கம்போல முன்கதவைத் திறந்தார்.

"ஏனுங்க, நீங்க பின்னாடி உக்காருங்க."

"நான் என்ன லக்கேஜா?"

"லக்கேஜு பிரேக் போடச் சொல்லாதுங்க" என்றேன்.

நித்யா, "சாரி அப்பா" என்று முன்னால் ஏறிக்கொண்டாள். இவர் முணுமுணுத்தபடி பின்னால் போனார். மேட்டில் லாரிகள் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போயின. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.