சூரைப்பழம் எங்கே பறித்தாய், வளரு?

வளர்மதி இறந்துவிட்டாள். நேற்று விடியற்காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். பாம்புக்கடி.

கும்பகோணத்தில் எங்கள் ஜவுளிக்கடையில் புடவை எடுத்தவர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். காட்டன் செக்‌ஷனில் என்னோடு நின்றவள். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க, இதைப் பாருங்க" என்று கஸ்டமர் முகத்துக்கு நேரே சொல்வாள். சொல்லிவிட்டு விற்றும் விடுவாள்.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமம். காலை பஸ்ஸில் வருவாள். சீசன் வந்தால் டிபன் பாக்ஸோடு இன்னொரு டப்பாவும் வரும்... சூரைப்பழம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முள்புதரில் காய்க்கிற சின்னக் கறுப்புப் பழம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. புளிப்பும் இனிப்புமாக இருக்கும். லஞ்ச் டைமில் உப்பு தொட்டுக்கொண்டு அடித்துப் பிடித்துத் தின்போம்.

அவள் கை முழுக்கக் கீறல்தான். ஒரு தடவை நான் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு, வேலையே வேண்டாம் என்று பையைத் தூக்கிவிட்டேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"சூரமுள்ளு கொக்கி மாதிரிக்கா. மாட்டுன உடனே வெடுக்குனு இழுத்தா இப்படித்தான் கிழிக்கும். இன்னும் கொஞ்சம் உள்ள கொண்டு போயி மெதுவா எடுக்கணும்."

"தெரிஞ்சும் உன் கை ஏண்டி இந்த லட்சணத்துல இருக்கு?"

"தெரிஞ்சா போதுமாக்கா? பழத்தைப் பாத்தா பொறுமை இருக்கணுமே."

சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன்.

எங்கே பறிக்கிறாய் என்று கேட்டால், "மண்ணியாத்தங்கரை, மதகு தாண்டி" என்பாள். நானும் ஒரு நாள் வரட்டுமா என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

"பழம் இருக்குற எடத்தைக் கட்டுன புருசன்கிட்டகூட சொல்லக் கூடாதுக்கா. இன்னைக்குச் சொன்னா நாளைக்கு ஊரே வந்து மொட்டையடிச்சிடும்."

பழம் பறிக்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தானே. கிண்டல் செய்துவிட்டு விட்டுவிடுவோம்.

முந்தாநாள் அவளுக்கு லீவு. சமையலை முடித்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, பழம் பறிக்கப் போனவ இன்னும் வரலைக்கா. எங்க போவான்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காளா?"

"மண்ணியாத்தங்கரைதாங்க. மதகு தாண்டி. எனக்கு நல்லாத் தெரியும்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அவரிடமும் அவள் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள்; நானும் சொன்னதும் அவருக்கு உறுதியாகிவிட்டது. தெருவே ஆற்றங்கரைக்கு ஓடியிருக்கிறது. மதகுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் அங்கே பறித்ததே இல்லை.

ஊருக்கு மறுகோடியில், சுடுகாட்டுப் பாதையோரம் கிடந்திருக்கிறாள். ஆடு ஓட்டிக்கொண்டு திரும்பிய ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்போது நினைவு இருந்ததாம், பேச்சுதான் வரவில்லையாம். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்றாராம் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுடுகாட்டுப் பழம் என்று சொன்னால் எங்களில் யார் தொட்டிருப்போம்? ஆள் நடமாட்டம் இல்லாத இடம், யாரும் கை வைக்காத புதர்... கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும். அதனால்தான் ஆற்றங்கரை என்று ஒரு பொய் சொல்லிவைத்தாள்.

இன்று கடை வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்ஐபி போட்ட கையோடு ஒருத்தி, "ஐயய்யோ, சுடுகாட்டுப் பழத்தையா இத்தனை நாள் தின்னோம்? கொமட்டுது" என்று போட்டிருக்கிறாள். அதற்கு நாலு பேர் சிரிக்கிற பொம்மை வேறு. டப்பாவை வழித்து வழித்துத் தின்றவர்கள் அம்மா நீங்கள். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

கோபம் அவள் மேலும்தான் இருக்கிறது. என்கிட்டயாவது சொல்லித் தொலைத்திருக்கலாமேடி. முகம் சுளித்திருப்பேன்... சுளித்துவிட்டுத் தின்றும் இருப்பேன்.

நேற்று சாயங்காலம் எடுத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மாமியார் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒத்தையில அந்த எடத்துக்குப் போறியே தாயி, பயமா இருக்காதா" என்று அரற்றினார்.

எங்களில் ஒருத்தியும் போகாத அந்தப் பாதை உனக்கு நன்றாகத் தெரியும்.

போய் வா, வளரு.